வகுப்பறைக்குள் வரும் ஊர்: பள்ளித் துன்புறுத்தலும் மாணவரைச் சூழ்ந்த சமூகமும்

ஒரு மாணவரைச் சக மாணவர் ஒருவரோ பலரோ வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, அவரால் எதிர்த்து நிற்க முடியாத நிலையில் நோகச் செய்வது பள்ளித் துன்புறுத்தல் எனப்படும். ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்று வழங்கும் இதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: நோகடிக்கும் எண்ணம், விடாத தொடர்ச்சி, இருவருக்கும் இடையே வலிமையில் உள்ள ஏற்றத்தாழ்வு. நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வகுத்த இந்த வரையறையே உலகெங்கும் பெரும்பாலும் ஏற்கப்பட்டுள்ளது. சமபலம் உள்ள இரண்டு பையன்கள் மைதானத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது சண்டை. மறுநாள் அவர்களே ஒன்றாகப் பந்து விளையாடுவார்கள். ஒரே பையனின் சோற்று டப்பா ஒவ்வொரு நாளும் காணாமல் போய், ஒவ்வொரு நாளும் வகுப்பே சிரித்தால் அது துன்புறுத்தல்.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் நிலைபெறவில்லை. கேலி, கிண்டல், சீண்டல், வம்பு, கலாய்த்தல், ஓட்டுதல் என்று வழங்கும் சொற்களில் பாதி விளையாட்டுத் தொனி கொண்டவை. 'சும்மா ஓட்டினோம் சார்' என்ற விளக்கம் ஆசிரியரிடம் எடுபடுவதற்கு இந்தத் தொனியும் ஒரு காரணம். கல்லூரிகளில் நடப்பதைக் குறிக்க இலங்கைத் தமிழர் 'பகிடிவதை' என்பார்கள். தமிழ்நாட்டு இதழ்களில் அது 'பகடிவதை' ஆகியிருக்கிறது. விளையாட்டும் வதையும் ஒட்டியே நிற்பதை அந்தக் கூட்டுச்சொல் காட்டிவிடுகிறது.

துன்புறுத்தலின் வடிவங்கள் ஐந்து. அடித்தல், தள்ளுதல், பொருளைப் பிடுங்குதல் ஆகியவை உடல் சார்ந்தவை. பட்டப்பெயர், நிறத்தையும் உடற்குறையையும் சொல்லிக் கேலி, குடும்பத்தை இழுத்துப் பேசுதல் ஆகியவை சொல் சார்ந்தவை. பேசாமல் விடுவதும் விளையாட்டில் சேர்க்காமல் விடுவதும் ஒதுக்கல். கடைக்கு அனுப்புதல், வீட்டுப்பாடம் எழுத வைத்தல், காசு கேட்டல் ஆகியவை ஏவல். கைபேசிக் குழுக்களில் படத்தைத் திரித்துப் போடுவதும் போலிக் கணக்கில் அவதூறு பரப்புவதும் இணையவழித் துன்புறுத்தல். முதல் நான்கும் பள்ளி மணி அடித்ததும் ஓரளவு ஓயும். ஐந்தாவது மாணவருடன் வீட்டுக்கும் போகிறது.

ஆய்வு வளர்ந்த வழி

இப்பொருள் ஆய்வுக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். சுவீடனில் மருத்துவர் பீட்டர்-பவுல் ஹைன்மான் 1960-களின் இறுதியில், ஒரு கூட்டமே சேர்ந்து ஒற்றைக் குழந்தையைத் தாக்குவதைப் பற்றி எழுதினார். 1970-களில் ஓல்வேயஸ் அதை முறையான கள ஆய்வாக்கினார். 1982-இல் நார்வேயின் வடபகுதியில் சிறுவர் மூவர் உயிரை மாய்த்துக்கொண்டதும், அதற்குச் சக மாணவரின் கொடுமை காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டதும் நாட்டையே உலுக்கின. மறுஆண்டு அரசு நாடளாவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஜப்பானில் 'இஜிமே' எனப்படும் இக்கொடுமைக்கு 2011-இல் ஓட்சு நகரில் ஒரு மாணவர் பலியானார். 2013-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட தொகுப்பறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையாவது துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தார். கேலிக்குக் காரணமாக மாணவர்கள் அதிகம் சொன்னது உடல் தோற்றம். அதற்கு அடுத்தது இனம், நாடு, நிறம்.

துன்புறுத்துபவரின் கோபத்தையும் துன்புறுபவரின் கூச்சத்தையும் மட்டும் ஆராய்ந்த தொடக்கக் கால நோக்கு மெல்ல மாறியது. குழந்தையின் வளர்ச்சியை வீடு, பள்ளி, இவ்விரண்டின் உறவு, பெற்றோரின் தொழில், ஊரின் வழக்கம், நாட்டின் சட்டம் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த வட்டங்களுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் யூரி புரோன்ஃபென்பிரென்னர் 1979-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். பள்ளித் துன்புறுத்தல் ஆய்வு இன்று பெரிதும் இவ்வழியிலேயே நடக்கிறது. யார் யாரை அடித்தார் என்பதோடு, அப்படி அடிக்கலாம் என்று அந்தக் குழந்தைக்கு எந்த வட்டம் கற்றுக்கொடுத்தது என்பதும் கேட்கப்படுகிறது.

இந்தியாவில் இக்கேள்வி ஆய்வுலகுக்கு வெளியே முன்பே எழுந்துவிட்டது. சாத்தாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் வகுப்பில் கோணிப்பை மீது தனியே அமர வேண்டியிருந்தது. பள்ளிச் சேவகர் ஊற்றினால் மட்டுமே குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. சேவகர் வராத நாளில் தாகத்தோடு இருந்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதைச் செய்தவர் ஒரு முரட்டு மாணவர் அல்லர். பள்ளியின் ஒழுங்கே அவ்வாறு இருந்தது.

ஆரணி: ஒரு நெசவு ஊரின் வட்டங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, இந்த வட்டங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கத் தக்க ஊர். முன்பு ஜாகீராக இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து 1989-இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. பட்டும் அரிசியும் அதன் இரு அடையாளங்கள். 2011 கணக்கெடுப்பில் நகரத்தில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தேவிகாபுரம் போன்ற சுற்றூர்களிலும் தறிகள் உண்டு. காஞ்சிப் பட்டைவிட எடையிலும் விலையிலும் குறைந்தது என்ற பெயர் ஆரணிப் பட்டுக்கு உண்டு.

இங்கே தொழில் வீட்டுக்கு வெளியே இல்லை. குழித்தறி வீட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. நெய்பவர் குழியில் காலை வைத்து மிதிக்க, வீட்டுப் பெண்கள் ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றுவார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு ஊடைநூலை இழுத்துச் செல்லும் நாடா மூன்று ஓட வேண்டும். மறுபக்கக் கரைக்கு உதவி ஆள் ஒருவர் உட்கார வேண்டும். பட்டுத் தொழிலில் அந்த இடத்தில் வெகுகாலம் உட்கார்ந்தவர்கள் சிறுவர் சிறுமியர். முதலாளியிடம் பெற்ற முன்பணத்துக்காகக் காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் குழந்தைகள் கட்டுண்டு வேலை செய்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்தது.

பிறகு நிலைமை வெகுவாக மாறியது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாத் தொழிலிலும் தடைசெய்தது. ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்குக் குழந்தை உதவலாம் என்ற விலக்கை அதே திருத்தம் வைத்தது. குழித்தறி வீட்டில் 'உதவி' எங்கே முடிகிறது, 'வேலை' எங்கே தொடங்குகிறது என்பதை வெளியிலிருந்து அளப்பது எளிதன்று. கலியாண முகூர்த்தங்கள் நெருங்கும் மாதங்களில் சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. அப்போது வீட்டில் எல்லாக் கைகளும் தேவைப்படும்.

இந்தச் சூழல் வகுப்பறையில் எப்படித் தெரியும்? விடியற்காலையில் தார் சுற்றிவிட்டு வரும் பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கி விழும், அடிக்கடி விடுப்பு எடுக்கும், வீட்டுப்பாடம் முடிக்காது. ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எல்லோர் முன்னும் சொன்னால் வகுப்புக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடுகிறது. துன்புறுத்தலுக்கு முதல் அனுமதி இப்படி ஆசிரியரின் வாயிலிருந்தே பிறப்பதுண்டு.

பிள்ளைகளைப் பிரிக்கும் வேறு கோடுகளும் உண்டு. சொந்தத் தறியும் பட்டுக்கடையும் உடைய குடும்பங்களுக்கும் கூலிக்கு நெய்யும் குடும்பங்களுக்கும் இடையே முன்பணக் கடன் நிற்கிறது. முதலாளியின் மகனும் கூலி நெசவாளியின் மகனும் ஒரே வகுப்பில் படித்தால், ஒருவர் தந்தை மற்றவர் தந்தையிடம் பட்டிருக்கும் கடன் அந்தப் பையன்களுக்குத் தெரியாமல் இருக்காது. வலிமை ஏற்றத்தாழ்வு என்று வரையறை சொல்வது இங்கே கைவலிமையைக் குறிக்கவில்லை. அடிக்கப்பட்ட பையன் வீட்டில் சொன்னாலும் 'அவங்ககிட்ட வம்பு வேண்டாம்பா' என்று பெற்றோரே அடக்கிவிட நேரும். செங்குந்தர், சௌராஷ்டிரர் உட்படப் பல நெசவுச் சமூகங்கள் வாழும் ஊர் இது. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ உருதுவோ பேசும் குழந்தையின் தமிழ் உச்சரிப்பும் கேலிக்குப் பொருளாகலாம். சுற்றூர்களிலிருந்து இலவசப் பயண அட்டையோடு பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளைகள் 'பட்டிக்காடு' என்று பெயர் வைக்கலாம்.

இவற்றில் எதுவும் ஆரணிக்கு மட்டும் உரியதன்று. திருப்பூரில் பனியன் தொழில், சிவகாசியில் பட்டாசு, ஆம்பூரில் தோல் என்று தொழில் மாறும்போது கேலியின் சொற்கள் மாறும். வீட்டின் தொழிலும் கடனும் பிள்ளையோடு வகுப்புக்குள் வருவது மாறுவதில்லை.

கேலியின் மொழி எங்கே கற்கப்படுகிறது

குழந்தை புதிதாகக் கேலியைக் கண்டுபிடிப்பதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. 'கறுப்பி', 'குண்டு', 'சோடாபுட்டி', 'நொண்டி', 'திக்குவாய்' என்பவை வீட்டு விசேஷங்களில் பெரியவர்கள் உறவுக்காரப் பிள்ளைகளைச் செல்லமாகவே அழைக்கும் பெயர்கள். தமிழ்த் திரைப்பட நகைச்சுவையில் பல பத்தாண்டுகளாக உதைபட்டவர்கள் நிறத்துக்காகவும் உருவத்துக்காகவும் உதைபட்டனர். பார்த்தவர்கள் குடும்பத்தோடு சிரித்தனர். நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரியும் பையனைக் குறிக்கும் வசைகளும் அதே வழியில் பள்ளிக்கு வந்தவை. உடற்குறை உள்ள குழந்தையும் பாலின அடையாளத்தில் வேறுபட்ட குழந்தையும் இதனால் மிகுதியாகக் காயப்படுகின்றனர். அவர்களே புகார் சொல்லவும் மிகுதியாக அஞ்சுகின்றனர்.

ஒதுக்கலின் மொழி இன்னும் பழையது. விளையாட்டில் சேர்க்காத பையனை மற்றவர்கள் 'ஒதுக்கி வைத்தோம்' என்பார்கள். ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தோடு பேச்சுவார்த்தை, கொடுக்கல் வாங்கல் இரண்டையும் நிறுத்தும் தண்டனைக்கும் 'ஊர்விட்டு ஒதுக்கி வைத்தல்' என்றே பெயர். குழந்தைகள் பயன்படுத்தும் சொல்லும் அதன் நடைமுறையும் பெரியவர்களுடையவை.

தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் நடந்தது இதற்கு நேர்ச்சான்று. தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினப் பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் இனித் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் கூறும் காணொளி பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகிக் கைது நடந்தது. காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிவடைந்த 2023-இல், கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் பட்டியலினப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் மறுத்தனர். மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து தலையிட வேண்டியிருந்தது. உண்ணாதே என்று வீட்டில் சொல்லப்பட்ட ஆறு வயதுக் குழந்தை, பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும் குழந்தையைப் பற்றி என்ன கற்றிருக்கும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

ஆரணி அமைந்துள்ள மாவட்டத்திலும் ஊரும் பட்டியலினத்தார் வாழும் காலனியும் தனித்தனியே உள்ளன. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் 2023 ஜனவரி 30 அன்று, ஆட்சியர் முன்னிலையில், காவல் பாதுகாப்போடு நுழைந்தனர். பல பத்தாண்டுகளாக அவர்களுக்கு அங்கே இடம் இல்லை. இத்தகைய கிராமங்களில் ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் ஒரே பந்தியில் உண்ணும் இடம் பெரும்பாலும் அரசுப் பள்ளி ஒன்றுதான். ஊரின் பிளவு முதலில் மோதுவதும் அங்கேதான். முதலில் கரையக்கூடியதும் அங்கேதான்.

நாங்குநேரி காட்டியது

தமிழ்நாட்டில் பள்ளிக்குள் வரும் சாதிப் பிளவு பற்றிய கேள்வியை அரசின் மேசைக்குக் கொண்டுவந்தது 2023 ஆகஸ்ட் 9 இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், வள்ளியூர்ப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவரும் தடுக்க வந்த தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். பிடிபட்டவர்கள் இளஞ்சிறார், பெரும்பாலும் அந்தப் பள்ளியிலேயே படித்தவர்கள். நன்றாகப் படித்து ஆசிரியர்களிடம் பெயர் வாங்கியிருந்த மாணவரைச் சிலர் ஏவியும் மிரட்டியும் வந்தனர். அதனால் அவர் பள்ளிக்கு வராமல் நின்றார். காரணம் கேட்கப்பட்டபோது உண்மையைச் சொன்னார். புகார் சொன்னதற்குப் பழிவாங்க வீட்டுக்கே வந்தார்கள். கையில் பலத்த காயத்தோடு அவர் பிறர் உதவியுடன் தேர்வு எழுதி, 2024 மே மாதம் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

முன்பு கூறிய வரையறையின் மூன்று அடையாளங்களும் இந்நிகழ்வில் உண்டு. அவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: புகார் சொல்பவரைக் காக்கும் ஏற்பாடு இல்லாமல் புகார் மட்டும் பெறப்பட்டது. புகார் பெறும் முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சொன்ன அன்று மாலை அந்தக் குழந்தை எந்த வழியாக வீட்டுக்குப் போகும் என்பதை யாரும் நினைக்காவிட்டால் அதுவே ஆபத்தாகிறது.

பள்ளி, கல்லூரி மாணவரிடையே சாதி, இன அடிப்படையிலான வன்முறையைத் தடுக்க வழி கூறுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியைக் குறிக்கும் சொற்களை நீக்குதல், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவருதல், ஆசிரியர்களைக் காலந்தோறும் இடமாற்றுதல், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தவிர்த்தல், சாதி அடையாள வண்ணம் பூசிய மிதிவண்டியைத் தடுத்தல், அகரவரிசையில் அமரச் செய்தல், 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலரை அமர்த்துதல் போன்றவை அதன் பரிந்துரைகள். நெற்றிக்குறி பற்றிய பகுதி அரசியல் எதிர்ப்பையும் சந்தித்தது. கைக்கயிறு பற்றி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை அனுப்பிய சுற்றறிக்கையும் எதிர்ப்புக்கு ஆளாகிக் கிடப்பில் போனது.

இப்பரிந்துரைகளில் பெரும்பாலானவை தனி மாணவரைத் திருத்துவது பற்றியவை அல்ல. பெயர்ப்பலகை, வருகைப் பதிவேடு, இருக்கை, இடமாற்ற உத்தரவு என்று மாணவரைச் சூழ்ந்தவற்றை மாற்றச் சொல்கின்றன. அறிக்கைக்குப் பிறகும் அரிவாள் ஓயவில்லை. 2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வு எழுதப் பேருந்தில் சென்ற பிளஸ் ஒன் மாணவர் வெட்டப்பட்டார். அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வகுப்புத் தோழரை அரிவாளால் வெட்டினார். தடுத்த ஆசிரியையும் காயமடைந்தார்.

சுற்றி நிற்பவர்கள்

துன்புறுத்தல் அரிதாகவே இருவருக்குள் நடக்கிறது. பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும் 1996-இல் வகுப்பில் உள்ளோரை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினர்: துன்புறுத்துபவர், கூட நின்று பிடித்துக் கொடுப்பவர், சிரித்து ஊக்குபவர், ஒதுங்கி நிற்பவர், துன்புறுபவருக்குத் துணை நிற்பவர், துன்புறுபவர். கனடாவில் பள்ளி மைதானக் காட்சிகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில், நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் சக மாணவர்கள் சுற்றி நின்றிருந்தனர். தலையிட்டது 19 விழுக்காட்டில் மட்டும். அப்படித் தலையிட்டவற்றில் 57 விழுக்காட்டில் துன்புறுத்தல் 10 நொடிக்குள் நின்றுபோனது.

இந்த மூன்று எண்களும் தடுப்பின் திசையையே மாற்றின. துன்புறுத்துபவருக்குக் கிடைக்கும் கூலி பார்வையாளரின் சிரிப்பு. அது நின்றால் செயலும் பெரும்பாலும் நிற்கிறது. பின்லாந்தில் 2009 முதல் நாடெங்கும் பரவிய 'கீவா' திட்டம் இதன் மேல் கட்டப்பட்டது. துன்புறுபவரைத் துணிந்தவராக்குவதைவிட, சும்மா நிற்பவரைப் பேசவைப்பதே அதன் முதல் வேலை. ஆனால் சும்மா நிற்பவர் ஏன் சும்மா நிற்கிறார் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஹெல்சிங்கியில் அது கூச்சமாக இருக்கலாம். முன்பணக் கடனும் சாதிக் கட்டுப்பாடும் உள்ள ஊரில், தலையிடும் பையன் தன் குடும்பத்தையும் சேர்த்தே இழுத்துவிடுகிறான். தைரியம் பற்றிய பாடம் மட்டும் அங்கே போதாது.

விளைவுகள்

பள்ளிக்குப் போக அடம், காலையில் வரும் வயிற்றுவலி, குறையும் மதிப்பெண், தூக்கமின்மை, தனிமை, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் ஆகியவை உடனடி விளைவுகள். இவை வளர வளர இடைநிற்றல் நிகழ்கிறது. நெசவு ஊரில் இடைநிற்றலுக்கு ஒரு மெத்தை விரித்தே இருக்கிறது: பள்ளியை விட்ட பையனுக்கு மறுநாளே தறியில் இடம் உண்டு. அதனால் அவன் படிப்பைவிட்டதன் காரணத்தை யாரும் கேட்பதில்லை; 'படிப்பு ஏறவில்லை' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நீண்டகால விளைவுக்குப் பிரிட்டனில் வலுவான சான்று உண்டு. 1958-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 7 வயதிலும் 11 வயதிலும் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களின் மனநலம், உறவுகள், வருவாய் ஆகியவற்றில் அதன் தடம் 50 வயதிலும் தெரிவதாக 2014-இல் கூறியது. துன்புறுத்தியவர்களும் தப்புவதில்லை: வன்முறையால் காரியம் ஆகும் என்று பள்ளியில் கற்றவர் பிற்காலத்தில் சட்டத்தோடு மோதும் வாய்ப்பு மற்றவரைவிடக் கூடுதல் என்பது ஓல்வேயஸின் தொடர் ஆய்வுகளில் தெரிந்தது. வேடிக்கை பார்த்த வகுப்பும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: அநீதியைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வதே பிழைக்கும் வழி.

சட்டமும் அமைப்பும்

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவரால் கொல்லப்பட்டதையடுத்து, தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. இலங்கையிலும் 1997-இல் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்த பின் 1998-இல் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டும் கல்லூரி மரணங்களிலிருந்து பிறந்தவை; நடைமுறையிலும் கவனம் கல்லூரிகளின் மீதே குவிந்தது.

பள்ளிக்கு எனத் தனிச் சட்டம் இல்லை. பல சட்டங்களின் பகுதிகள் சேர்ந்தே காவல் தருகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பாலியல் சீண்டலுக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், சாதி இழிவுக்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், இணையக் குற்றத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் பொருந்தும். தவறு செய்த மாணவர் 18 வயதுக்கு உட்பட்டவராயின் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படியே நடத்தப்படுவார். சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் தடுப்புக் குழு அமைக்குமாறு 2015-இல் அறிவுறுத்தியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' புகார்ப்பெட்டியும், 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணும், நாடெங்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளன.

சட்டம் கடைசிப் படி. அது பெரும்பாலும் காயம் பட்ட பிறகே வருகிறது. சிறு வயதுக் கேலியை அதனால் எட்ட முடியாது. எட்டக்கூடியவை பள்ளியும் வீடும்.

தடுக்கும் வழிகள்

உலக அனுபவத்தில் பயன் தந்தவை முழுப் பள்ளியையும் உட்படுத்திய திட்டங்களே. பெர்கனில் ஓல்வேயஸ் நடத்திய முதல் சோதனையில் துன்புறுத்தல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெயர் எழுதாமல் மாணவர்களிடம் கேட்டறிதல், வகுப்பில் சில எளிய விதிகளை வைத்து வாரந்தோறும் பேசுதல், கழிப்பறைப் பக்கத்திலும் மைதான மூலையிலும் இடைவேளையில் பெரியவர் ஒருவர் இருத்தல், நிகழ்வுக்குப் பின் இருதரப்புப் பெற்றோரோடும் தனித்தனியே பேசுதல் என அதன் கூறுகள் செலவில்லாதவை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லும் சமரசம் வலிமை ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொள்வதில்லை. அதனால் அது பெரும்பாலும் பலன் தருவதில்லை.

ஆரணி போன்ற ஊருக்கு இவற்றோடு நான்கு ஏற்பாடுகள் தேவைப்படும். முதலாவது, அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன் வீட்டின் வேலைநிலையை ஆசிரியர் அறிந்துகொள்வது. இரண்டாவது, வீட்டுத் தொழிலை வகுப்பில் இழிவாக அல்லாமல் அறிவாகப் பேசுவது. பாவு நூல்களின் கணக்கும், சேலையின் வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையின் துளைகளும் கணிதப் பாடத்துக்கும் கணினிப் பாடத்துக்கும் நேரடியான எடுத்துக்காட்டுகள். மூன்றாவது, புகார் சொன்ன மாணவர் வீடு சேரும்வரை காவல். பேருந்து நிறுத்தமும் அதில் அடங்கும். நான்காவது, பெற்றோரைப் பள்ளிக்குள் கொண்டுவருவது.

நான்காவதற்குச் சட்டத்திலேயே இடம் உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், பாதிக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவினருக்கும் அதில் உரிய இடம் தரச் சொல்கிறது. தார் சுற்றும் தாயும், கூலி நெசவாளியும், காலனிப் பெற்றோரும் ஊர்ப் பெற்றோரோடு சமமாக உட்கார உரிமை பெற்ற மேசை அது. ஆனால் சேலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரு பிற்பகல் கூட்டம் என்பது அரைநாள் கூலி இழப்பு. பல நெசவு ஊர்களில் அமாவாசையன்று தறி ஓட்டாமலிருப்பது பழைய வழக்கம். தறி நிற்கும் நாளைக் கேட்டறிந்து கூட்டம் வைக்கும் பள்ளியில் அந்த இருக்கைகள் நிரம்பும். மற்றப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இருக்கும்.